நாலாம் நம்பர் டேபிள்

கனடான்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நயாகரா, பனி, அப்புறம் 'மச்சான், அங்க பார்ட் டைம்ல எவ்ளோ கிடைக்கும்?'ங்கிற கேள்வி. எனக்கு ஞாபகம் வர்றது வேற. ஒரு வெள்ளைத் தட்டு. அதுல மூணு குவியல். பழுப்பு, பச்சை, வெள்ளை. பழுப்புன்னா கோழி, பச்சைன்னா பட்டாணி, வெள்ளைன்னா உருளைக்கிழங்கு. மூணையும் மிக்ஸியில அடிச்சு, ஐஸ்க்ரீம் கரண்டியால எடுத்து வச்சது. பல் இல்லாதவங்களுக்கு, முழுங்க முடியாதவங்களுக்கு அதுதான் டின்னர். சிலர் தண்ணியையே பவுடர் போட்டுக் கெட்டியாக்கித்தான் குடிக்கணும்.

2023 செப்டம்பர்ல படிக்கப் போனேன். டொரன்டோவுல ஸ்கார்பரோ. பஸ்ல ஏறினா பாதி பேர் தமிழ்தான் பேசுறாங்க, ஆனா நம்ம தமிழ் இல்ல, யாழ்ப்பாணத் தமிழ். மூணு மாசம் வேலை தேடி அலைஞ்சு, நூறு ரெஸ்யூமே கொடுத்து, கடைசியில 2024 ஜனவரியில ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்துல வேலை கிடைச்சுது. டயட்டரி எய்டு. பேரைக் கேட்டா டயட்டீஷியனுக்குத் தம்பி மாதிரி இருக்கும். வேலை என்னன்னா, சாப்பாடு பரிமாறி, தட்டு கழுவி, மேஜை துடைக்கிறது. சாயங்காலம் மூணரைல இருந்து ஏழரை வரைக்கும். ஊர்ல எங்கம்மா 'பிள்ளை அங்க ஹெல்த் கேர்ல இருக்கான்'னு சொல்லிட்டிருந்தாங்க. நானும் திருத்தல.

இதுக்கு நடுவுல ஒரு ரகசியம். எங்க அப்பாயியும் அப்ப ஒரு ஹோம்லதான் இருந்தாங்க. திருச்சிக்குப் பக்கத்துல. இடுப்பெலும்பு உடைஞ்சு, படுக்கையாகி, அம்மாவுக்கும் முதுகுவலி வந்து, வேற வழியில்லாம சேர்த்தோம். சொந்தக்காரங்க கேட்டா 'அத்தை வீட்ல இருக்காங்க'ன்னு சொல்லணும்னு வீட்ல எல்லாருக்கும் உத்தரவு. உங்க வீட்லயும் இப்படி ஒரு 'அத்தை வீடு' இருக்கலாம். இருந்தா, நான் எதைப் பத்திப் பேசுறேன்னு உங்களுக்கே புரியும்.

இல்லத்துக்குப் போன முதல் வாரமே, லிஃப்ட் பக்கத்துல ஒரு போர்டைப் பார்த்தேன். 'குடும்பத்தினர் குழு. மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை, மாலை ஏழு மணி.' ஏதோ கிட்டி பார்ட்டின்னு நினைச்சேன். கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் அக்கா கண்ணை உருட்டி, "கம்ப்ளெய்ன்ட் பார்ட்டி" அப்படின்னாங்க. அப்ப இருந்து எனக்கும் அவங்க கம்ப்ளெய்ன்ட் பார்ட்டிதான்.

மொத்தம் ஏழு பேர். பொண்டாட்டியை இங்க சேர்த்திருக்கிற ஒரு ரிட்டயர்ட் பஸ் டிரைவர்தான் தலைவர். ஒரு சீன அண்ணன் தங்கச்சி. ஒரு டீச்சர். இன்னும் ரெண்டு பேர். அப்புறம் ஒரு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி. அவங்க அம்மாவுக்கு 92 வயசு, நான் பரிமாறுற ரெண்டாவது மாடியில இருந்தாங்க. ஆன்ட்டி தினமும் வேலை முடிஞ்சு நாலரைக்கு வந்துடுவாங்க. கையில ஒரு டிபன் பை. அதுல கரைய வேகவச்ச கஞ்சியோ, சொதியில ஊறிக் குழைஞ்ச இடியப்பமோ இருக்கும். அதை இல்லத்து டயட்டீஷியன்கிட்டக் காட்டி, இந்தப் பதத்துல கொடுக்கலாம்னு அனுமதி வாங்கி வச்சிருந்தாங்க. எதுக்குமே ஒரு அனுமதி, ஒரு தேதி, ஒரு கையெழுத்து. அப்படி ஒரு ஆன்ட்டி.

ஒரு நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாங்க.

"தம்பி, அந்த நாலாம் மேசையில இருக்கிற கோப்பை எத்தின மணிக்கு வச்சது?"

நான் திருதிருன்னு முழிச்சேன். அந்த டேபிள்ல கோப்பையே இல்லையே! (பிறகுதான் தெரிஞ்சுது, நமக்குக் கோப்பைன்னா கப். அவங்களுக்குத் தட்டு.) "அஞ்சு பத்துக்கு ஆன்ட்டி"ன்னேன். "இப்ப என்ன நேரம் எண்டு பாருங்கோ." அஞ்சு நாற்பது. நாலாம் நம்பர் டேபிள்ல ஒரு தாத்தா, ரெண்டு பாட்டி. மூணு பேராலயும் தானா சாப்பிட முடியாது. யாராவது ஊட்டணும். தட்டு அவங்க முன்னாடி அரை மணி நேரமா இருக்கு. பழுப்பு, பச்சை, வெள்ளை, மூணும் மேல தோல் கட்டிப் போச்சு. தாத்தா அதையே பார்த்துட்டு உக்காந்திருக்கார்.

ஆன்ட்டி வேற ஒண்ணும் சொல்லல. பையில இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதிட்டாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோபம்! ஏழரைக்குள்ள நான் 32 பேருக்கு சூப், மெயின், இனிப்புன்னு ஒண்ணொண்ணா பரிமாறணும், தட்டெல்லாம் எடுக்கணும், மெஷின்ல போடணும், தரை துடைக்கணும். ஏழு நாற்பது பஸ்ஸை விட்டா அடுத்ததுக்கு மைனஸ் பத்துல நிக்கணும். மறுநாள் அசைன்மென்ட். இதுல நான் தட்டை எப்ப வச்சேன்னு நோட்டு போடுறாங்களா?

ஆனா ஃப்ரெண்ட்ஸ், உண்மையைச் சொல்லணும். தட்டை அஞ்சு பத்துக்கே வச்சா அது அஞ்சரைக்கு முன்னாடி யார் வாய்க்கும் போகாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வச்சேன். சீக்கிரம் வச்சா சீக்கிரம் எடுக்கலாம். ஹீட்டர் டேபிளைச் சீக்கிரம் கழுவலாம். யாரும் எதுவும் கேட்டதில்ல. அந்த மூணு பேரும் கேட்கவே மாட்டாங்க, அவங்களுக்குப் பேச்சு வராது.

இந்தக் கணக்கு உங்களுக்குப் புரியணும். எங்க மாடியில 32 பேர். அதுல 9 பேருக்கு முழுசா ஊட்டி விடணும். சாயங்காலம் பராமரிப்பு உதவியாளர்கள் நாலு பேர். (அங்க பி.எஸ்.டபிள்யூ.ன்னு சொல்வாங்க. குளிப்பாட்டுறது, டயப்பர் மாத்துறது, ஊட்டுறது எல்லாம் அவங்கதான். நான் பார்த்ததுலயே கஷ்டமான வேலை.) நாலு பேர்ல ஒருத்தர் ரூம்லயே சாப்பிடுறவங்களுக்கு ட்ரே எடுத்துட்டுப் போயிடுவார். மீதி மூணு. ஒருத்தர் ஒரே சமயத்துல ரெண்டு பேருக்கு மேல ஊட்டக் கூடாதுங்கிறது ஒன்டாரியோ மாகாணத்து விதிமுறை. மூணு பேர், ரெண்டு ரெண்டா ஊட்டினா ஆறு. ஒன்பதுல ஆறு போனா? அந்த மூணுதான் நாலாம் நம்பர் டேபிள்.

அதே விதிமுறையில அடுத்த வரி என்ன தெரியுமா? ஊட்ட ஆள் வந்து நிக்கிற வரைக்கும், ஊட்ட வேண்டியவர் முன்னாடி சாப்பாட்டையே வைக்கக் கூடாது. இது எனக்குத் தெரியாது. ட்ரெயினிங்ல சொல்லியிருப்பாங்க, நான் செல்போன் நோண்டிட்டு இருந்திருப்பேன். ஆன்ட்டிக்கு மனப்பாடம்.

2024 அக்டோபர்ல அந்த நோட்டு ஒரு லெட்டரா மாறுச்சு. 'இரண்டாவது மாடி உணவறையில், ஐந்து வெவ்வேறு நாட்களில், உதவி தேவைப்படுவோர் முன் உணவு வைக்கப்பட்ட நேரமும் ஊட்டத் தொடங்கிய நேரமும்' அப்படின்னு ஒரு பட்டியல். குடும்பத்தினர் குழுவோட பேர்ல.

இங்கதான் அந்தக் குழுவோட பவர் எனக்குப் புரிஞ்சுது. 2007-ல ஒன்டாரியோவுல நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்குன்னு ஒரு சட்டம் போட்டு, 2010 ஜூலையில அமலுக்குக் கொண்டு வந்தாங்க. 2022 ஏப்ரல்ல இருந்து அதுக்குப் பதிலா 2021-ஆம் வருஷத்துப் புதுச் சட்டம். ரெண்டுலயுமே இந்தக் குழுவுக்கு இடம் இருக்கு. ஒரு குடும்பம் 'குழு வேணும்'னு கேட்டா இல்லம் 30 நாளுக்குள்ள அதை அமைக்க உதவணும். குழு இல்லாத இல்லத்துல, 'உங்களுக்கு இப்படி ஒரு உரிமை இருக்கு'ன்னு சொல்றதுக்காகவே வருஷத்துக்கு ரெண்டு தடவை குடும்பங்களைக் கூட்டணும். குழு கூடுற இடத்துக்கு நிர்வாகம் அழைச்சாத்தான் வரலாம், தலையிடக் கூடாது. இல்லத்துல வேலை பார்க்கிறவங்க உறுப்பினராகவே முடியாது. எல்லாத்துக்கும் மேல, குழு ஒரு குறையைச் சொன்னா 10 நாளுக்குள்ள எழுத்துல பதில் வரணும். வாய்ல இல்ல, எழுத்துல!

பத்தாவது நாள் பதில் வந்துச்சு. எனக்கு எப்படித் தெரியும்னா, அன்னிக்கு எங்க மேனேஜர் ஒரு பேப்பரை நீட்டி 'சைன் பண்ணு'ன்னாங்க. 'உணவுப் பிரிவு ஊழியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கப்படும்.' அவ்வளவுதான் பதில். அதாவது தப்பு பூரா என் தலையில! இன்னொரு தடவை இப்படி வந்தா ஃபைல்ல ஏறும்னு சொன்னாங்க. ஸ்டூடன்ட் விசாவுல இருக்கிறவனுக்கு 'ஃபைல்'ங்கிற வார்த்தை எப்படிக் கேட்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அப்பா வாங்கின எஜுகேஷன் லோன் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

நேரா ஆன்ட்டிகிட்டப் போனேன். அவங்க அம்மாவுக்கு வாய் துடைச்சுட்டு இருந்தாங்க.

"ஏன் ஆன்ட்டி இப்படிப் பண்ணீங்க? என் வேலை போயிடும் போலிருக்கு. உங்கம்மாவுக்கு நீங்கதானே ஊட்டுறீங்க? உங்களுக்கு என்ன பிரச்னை?"

குரல் கொஞ்சம் உசந்துடுச்சு. ஆன்ட்டி அம்மாவோட ஏப்ரனைக் கழட்டி மடிச்சு வச்சுட்டுத்தான் என் பக்கம் திரும்பினாங்க.

"நான் உங்களைக் குறை சொல்லேல்ல தம்பி. ஆளின்ர பேர் ஒண்டும் எழுதேல்ல. நேரத்தை மட்டும்தான் எழுதினனான். எங்கட அம்மாக்கு நான் இருக்கிறன். அந்த மூண்டு பேருக்கும் ஆர் இருக்கினம்?"

எனக்குப் பதில் வரல. நாலாம் டேபிள் தாத்தாவைப் பார்க்க யாராவது வந்து, நான் அந்தப் பத்து மாசத்துல பார்த்ததே இல்ல.

"அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் வாங்கோ. நாங்கள் அழைச்சால் வரலாம். வந்து அஞ்சு மணிக்கு அந்த ரூமில என்ன நடக்குது எண்டு சொல்லுங்கோ."

வேற வினையே வேணாம்! நான் போய் நிர்வாகத்துக்கு எதிரா வாய் திறக்கணுமாம். ரெண்டு நாள் தூக்கம் இல்ல. ரூம் மேட் 'பேசாம லீவு போடுடா'ன்னான். ஊருக்கு போன் பண்ணேன். அப்பா அந்த ஞாயித்துக்கிழமைதான் அப்பாயியைப் பார்த்துட்டு வந்திருந்தார்.

"எப்படி இருக்காங்கப்பா?"

"இருக்காங்கடா. ராத்திரி தாகம் எடுத்தா தண்ணி எட்ட மாட்டேங்குதாம். செம்பு தூரத்துல இருக்காம்."

"சொன்னீங்களா அங்க?"

"எப்படிடா சொல்றது? சொல்லிட்டு நாம வந்துருவோம். கிழவி அவங்க கையிலதானே இருக்கணும்? கோவத்தை அவங்க மேல காட்டிட்டா?"

யோசிச்சுப் பாருங்க. இந்த ஒரு பயம்தான் உலகம் பூரா இருக்கிற ஹோம்களோட பூட்டு. திருச்சியில எங்கப்பாவுக்கு இருக்கிற அதே பயம் ஸ்கார்பரோவுல இருக்கிறவங்களுக்கும் இருக்கு. அடிப்படைக் கட்டணமே மாசம் சுமார் 2,000 டாலர் கட்டுறவங்களுக்கும் இருக்கு. குறை சொன்னவங்களையோ அங்க இருக்கிறவங்களையோ பழிவாங்கக் கூடாதுன்னு அந்த ஊர் சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்கன்னா, அந்தப் பயம் அங்கயும் நிஜம்னுதானே அர்த்தம்?

கூட்டத்துக்குப் போனேன். பேஸ்மென்ட்ல ஒரு ரூம். பகல்ல தாத்தா பாட்டிங்க பிங்கோ விளையாடுற இடம். ஒரு கெட்டில், ஒரு டப்பா பிஸ்கட், ஏழு பேர். வெளிய அந்த வருஷத்து முதல் பனி. எல்லாரும் வேலை முடிஞ்சு, ஊட்டி முடிச்சு, களைச்சுப் போய் வந்திருந்தாங்க. ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது.

முதல்ல தலைவர் ஒரு விதியைச் சொன்னார். 'இங்க எந்த முதியவர் பேரும் சொல்லக் கூடாது. உங்க அம்மா, என் மனைவி எதுவும் இல்ல. டேபிள், மாடி, நேரம். அவ்வளவுதான்.' ஆன்ட்டி நோட்டுல ஏன் பேர் இல்லன்னு அப்பத்தான் உறைச்சுது. லெட்டர்ல யாரோட பேரும் இல்ல. புகார் சொன்னவரோட பேரும் இல்ல, 'குழு' மட்டும்தான். எந்த அம்மா மேல கோபப்படுறதுன்னு யாருக்கும் தெரியாது!

என் முறை வந்துச்சு. கை நடுங்குச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒன்பது பேர், மூணு கை, மீதி மூணு பேர். அப்புறம் சொல்ல நினைக்காததையும் சொன்னேன். "ஆள் இல்லன்னு தெரிஞ்சும் நான்தான் தட்டை முன்னாடியே வச்சேன். சீக்கிரம் வேலையை முடிச்சு பஸ் பிடிக்கிறதுக்காக."

ரூம் அமைதியாயிடுச்சு. திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். பஸ் டிரைவர் தாத்தா மெதுவா, "முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். ஓட்ட முடியாத டைம்டேபிளைக் கொடுப்பாங்க. ஸ்டாப்ல நிக்கிறவங்க டிரைவரைத்தான் திட்டுவாங்க" அப்படின்னார். அந்த டீச்சர் மட்டும் என்னை விடல. "சரி, டைம்டேபிள் தப்பு. ஆனாலும் நாளைக்கு எத்தனை மணிக்குத் தட்டு வைப்பே?" கரெக்டான கேள்வி. "ஆள் வந்ததும்"னேன்.

மறுநாளே ரெண்டாவது லெட்டர் போச்சு. 'மறுபயிற்சி என்ற பதில் போதுமானதல்ல. மாலை ஐந்து முதல் ஆறு வரை உணவறையில் ஊட்டுவதற்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்? எண்ணிக்கையாகச் சொல்லவும்.' மறுபடி 10 நாள் ஓட ஆரம்பிச்சுது.

அப்ப இன்னொரு விஷயமும் ஓடிட்டிருந்தது. 2025 மார்ச் 31-க்குள்ள, ஒரு முதியவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியா 4 மணி நேர நேரடிப் பராமரிப்புங்கிறதை இலக்கா அந்த 2021 சட்டத்துலயே போட்டிருந்தாங்க. நிர்வாகம் அதைக் காட்டி, 'நாங்க இலக்கை நெருங்கிட்டோம்'னு பதில் எழுதினாங்க. அதைப் படிச்சுட்டு ஆன்ட்டி சொன்னது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. "சராசரியை வச்சு என்ன செய்யிறது? பசி அஞ்சு மணிக்கெல்லோ வருது!"

ஆன்ட்டி ஏன் இவ்வளவு பிடிவாதமா இருந்தாங்கன்னு ஒரு நாள் பஸ் ஸ்டாப்ல நிக்கும்போது தெரிஞ்சுது. 2020 மார்ச்ல கொரோனா வந்ததும் குடும்பங்களுக்குக் கதவைச் சாத்திட்டாங்க. அப்ப அவங்க அம்மா கீழ் மாடியில ஒரு ஜன்னல் ஓரம். ஆன்ட்டி வெளியில நின்னு கண்ணாடியைத் தட்டுவாங்களாம். அம்மாவுக்குக் காது கேட்காது. யார் நிக்கிறதுன்னும் தெரியல. மூணு மாசத்துல ஆள் பாதியாயிட்டாங்களாம். அந்த முதல் அலையில கனடாவுல கொரோனாவுல இறந்தவங்கள்ல நூத்துக்கு 80 பேர் இந்த மாதிரி இல்லங்கள்ல இருந்தவங்கதான். ஒன்டாரியோவுல அஞ்சு இல்லங்களுக்கு ராணுவத்தையே உதவிக்கு அனுப்பினாங்க. அங்க பார்த்ததை ராணுவம் ரிப்போர்ட்டா எழுதி, மே மாசம் அது வெளிய வந்தப்ப நாடே ஆடிப் போச்சு. சரியா ஊட்டாம விட்டதும் அதுல இருந்துச்சு.

"கண்ணாடிக்கு வெளியில நிண்டு கொண்டு, உள்ளுக்க ஆர் ஊட்டுகினம் எண்டு தெரியாமல் நிண்டனான் தம்பி. திரும்பக் கதவு திறந்த நாளில இருந்து நான் மணி பாக்கிறன்."

அப்ப அவங்களுக்கு 'விசிட்டர்'னு பேர். விருந்தாளி! வெளிய நிறுத்திட்டாங்க. பிறகுதான், ஊட்டுறவங்களும் பராமரிப்பாளர்னு ஒத்துக்கிட்டாங்க. புதுச் சட்டத்துல முதியவர்களோட உரிமைகள்னு 29 இருக்கு. தன்னைப் பராமரிக்கிற சொந்தங்களோட ஆதரவு தொடர்ந்து கிடைக்கிறதும் அதுல ஒரு உரிமை. லிஃப்ட் பக்கத்துல அந்த 29-ஐயும் பெரிய எழுத்துல ஒட்டியிருப்பாங்க. நான் தினமும் தாண்டிப் போன போர்டு அது.

சரி, கதைக்கு வருவோம். 2025 ஜனவரியில ஒரு வழியா மாத்தினாங்க. பகல்ல பாட்டு, பிங்கோ எல்லாம் நடத்துறவங்கள்ல ரெண்டு பேருக்கு ஊட்டுறதுக்கு ட்ரெயினிங் கொடுத்து, அஞ்சு மணிக்கு எங்க மாடிக்கு அனுப்பினாங்க. ஊட்ட வேண்டியவங்க தட்டெல்லாம் சூடான வண்டிக்குள்ளயே இருக்கும். ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாத்தான் தட்டு வெளிய வரும். என் ஷிஃப்ட்டை அரை மணி நேரம் நீட்டினாங்க. அதனால வாரத்துல ஒரு நாள் வேலை குறைஞ்சுது (ஸ்டூடன்ட்களுக்கு வாரம் 24 மணி நேரம்தான் அனுமதி). பஸ்? அடுத்த பஸ்தான். மைனஸ் பத்துதான்.

எல்லாம் சுபம்னு நினைக்காதீங்க. பிப்ரவரியில யாரோ லீவு, யாருக்கோ ஃப்ளூ, மறுபடி மூணு கைதான். அன்னிக்கு நாலாம் டேபிள் ஆறு மணி வரைக்கும் காத்திருந்துச்சு. ஆனா தட்டு வண்டிக்குள்ள சூடா இருந்துச்சு. நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். அவங்க நோட்டைத் திறந்து எழுதிட்டுத்தான் இருந்தாங்க. இந்தத் தடவை நானே நேரத்தைச் சொன்னேன்.

அந்த மாசக் கடைசியிலதான் ஆன்ட்டியோட அம்மா தவறிட்டாங்க. தூக்கத்துலயே. ரெண்டு நாள்ல ரூமைக் காலி பண்ணாங்க. ஒரு போர்வை, ஒரு முருகன் படம், ஒரு ரேடியோ, நாலு ஸ்வெட்டர். வாசல் வரைக்கும் பெட்டியைத் தூக்கிட்டுப் போய்க் கொடுத்தேன். அந்த டிபன் பை காலியா பெட்டி மேல இருந்துச்சு. இனிமே இவங்க இங்க வர வேண்டிய அவசியமே இல்லன்னு நினைச்சப்ப, சத்தியமா சொல்றேன், எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு. கம்ப்ளெய்ன்ட் பார்ட்டின்னு சொன்னவன் நான்!

மார்ச் மாசம் ரெண்டாவது புதன்கிழமை. பிஸ்கட் டப்பாவையும் கெட்டிலையும் தள்ளிட்டு பேஸ்மென்ட்டுக்குப் போறேன். ஆன்ட்டி உக்காந்திருக்காங்க!

"ஆன்ட்டி... நீங்க எப்படி?"

சிரிச்சாங்க. சட்டத்துல உறுப்பினர் யார்ங்கிறதுக்கு என்ன எழுதியிருக்குன்னா, அங்க இருக்கிற ஒருவரோட குடும்பத்தார், 'அல்லது அவருக்கு முக்கியமான ஒரு நபர்'. சொந்தமா இருக்கணும்னு இல்ல. ஆன்ட்டி ரெண்டு வாரமா தொண்டரா பேர் கொடுத்து, ஊட்டுறதுக்கான ட்ரெயினிங்கை முடிச்சு, சாயங்காலம் நாலாம் டேபிள் தாத்தாவுக்கு ஊட்ட ஆரம்பிச்சிருக்காங்க. என் லீவு நாள்கள்ல வந்திருக்காங்க, எனக்குத் தெரியல. தாத்தாவுக்குப் பேச்சு வராதுன்னு சொன்னேன் இல்லையா? அவருக்கு யார் முக்கியம்னு எப்படித் தெரியும்னு பஸ் டிரைவர் கேட்டாராம். 'அவரையே கேட்டுப் பாருங்கோ'ன்னு ஆன்ட்டி சொல்ல, அவரும் மாடிக்குப் போய்ப் பார்த்திருக்கார். ஆன்ட்டி நாற்காலியை இழுத்ததும் தாத்தா வாயைத் திறந்துட்டாராம்.

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டேன். இந்தக் கதை பூரா சொன்னேன். 'அது கனடாடா, அங்க சட்டம் இருக்கு'ன்னார். வாஸ்தவம்தான். அதே 2007-ல நம்ம நாட்டுலயும் ஒரு சட்டம் வந்துச்சு. பெற்றோரைப் பிள்ளைங்க பராமரிக்கணும், இல்லன்னா தீர்ப்பாயத்துல முறையிடலாம்னு. ஆனா ஹோம்ல சேர்த்த பிறகு, ராத்திரி செம்பு எட்டலன்னா நாலு குடும்பம் சேர்ந்து எழுத்துல கேட்கவும், பத்து நாள்ல எழுத்துல பதில் வாங்கவும் அதுல ஒண்ணும் இல்ல.

"அப்பா, ஞாயித்துக்கிழமை உங்களை மாதிரி எத்தனை பேர் வருவாங்க அங்க?"

"பத்துப் பன்னெண்டு பேர் வருவாங்க. எல்லாரும் ஆப்பிளை வச்சுக்கிட்டு வராண்டாவுல உக்காந்திருப்போம்."

"அவங்ககிட்டப் பேசியிருக்கீங்களா?"

"என்னத்தைப் பேசுறது? எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுல்ல உக்காந்திருக்கோம்."

ரெண்டு ஞாயிறு போச்சு. மூணாவது வாரம் அப்பாவே கூப்பிட்டார். எங்களுக்கு விடியற்காலம், அங்க சாயங்காலம். பின்னாடி பஸ் ஸ்டாண்ட் சத்தம்.

"டேய், பக்கத்துக் கட்டில் அம்மாவோட பையன் லால்குடிக்காரர். அவர்கிட்டக் கேட்டேன், உங்கம்மாவுக்கு ராத்திரி தண்ணி எட்டுதான்னு. அவங்களும் அதையேதான் சொல்றாங்களாம். இவரும் பயந்துக்கிட்டுக் கேட்காமலே இருந்திருக்கார். அப்புறம் இன்னொரு பொண்ணு, பேங்க்ல வேலை பார்க்குது. மூணு பேருமா ஆபீஸ் ரூமுக்குப் போனோம்."

"என்ன சொன்னீங்க?"

"யார் பேரும் சொல்லல. எல்லாக் கட்டிலுக்கும் பக்கத்துல ஒரு ஸ்டூல் வேணும்னு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கோம். அந்தப் பொண்ணுதான் எழுதுச்சு, கையெழுத்து நல்லா இருக்கும்." கொஞ்சம் நிறுத்திட்டு, "தேதி போட்டிருக்கோம்டா"ன்னார்.